சம்பளமில்லாத மல்லர்கள்: சூமோவின் கீழ்வரிசையில் அயல்நாட்டார்



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் வென்றவர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போவது எளிது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. ஜப்பானின் தொழில்முறை சூமோவில், கடல் கடந்து வந்து சேர்ந்து, பெயர் சொல்லும்படியான இடத்துக்கு ஏறாமல், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கும் திரும்பாமல், பத்தாண்டு பதினைந்தாண்டு என்று கீழ்வரிசையிலேயே இருந்துவிட்ட அயல்நாட்டு மல்லர்கள் உண்டு. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. தனி அறை கிடையாது. நாடு முழுவதும் தொலைக்காட்சி முன் உட்காரும் மாலை நேரத்தில் அவர்கள் முகம் தெரியாது. பிறகு ஏன் இருக்கிறார்கள்? கோதாவில் நடப்பதை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது, அவர்கள் வாழும் வீட்டைப் பார்க்கவேண்டும் என்பதே பல ஆண்டுகளாக இந்த விளையாட்டைக் கவனித்துவரும் என் எண்ணம். அதை உங்கள்முன் வைக்கிறேன்.

ஏணியை முதலில் பார்த்துவிடுவோம். சூமோவில் ஆறு வரிசைகள். உச்சியில் மக்குஉச்சி, 42 பேர். அதற்கடுத்து ஜூரியோ, 28 பேர். இந்த எழுபது பேரைச் செக்கிதோரி என்பார்கள். தொழில்முறை மல்லர் என்ற முழு உரிமையும் மாதச் சம்பளமும் இவர்களுக்கு மட்டுமே. கீழே மகுஷிதா 120 பேர், பிறகு சான்தான்மே, ஜோனிதான், கடைசியில் ஜோனோகுச்சி. 1994 மே மாதத்தில் எல்லா வரிசையும் சேர்த்து 943 மல்லர்கள் இருந்தார்கள். இப்போது சுமார் 600 பேர். எழுபதுக்குள் வராத மற்ற எல்லாரும் பயிற்சியில் இருப்பவர்களாகவே கருதப்படுகிறார்கள், அவர்களுக்கு நாற்பது வயது ஆனாலும்.

பணத்தைச் சொன்னால் பிளவு எவ்வளவு ஆழம் என்று புரியும். 2019இல் திருத்திய அளவுப்படி ஜூரியோ மல்லருக்கு மாதச் சம்பளம் 11 லட்சம் யென். ஆண்டுக்கு 1 கோடியே 32 லட்சம், அதற்குமேல் சலுகைகளும். அவருக்கு ஒரு படி கீழே, மகுஷிதாவின் முதல் இடத்தில் இருப்பவருக்குச் சம்பளம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டித் தொடருக்கு 1,65,000 யென் படி. ஆண்டுக்கு ஆறு தொடர், ஆக 9,90,000. சான்தான்மேவுக்குத் தொடருக்கு 1,10,000. கடைசி வரிசைக்கு 77,000. தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் சேர்ந்த பயிற்சிக் கூடத்தில் கிடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் தாய்தந்தைக்கு அனுப்ப, சேமிக்க, மணம் செய்துகொள்ள இது எந்த மூலைக்கு? பணத்துக்காக இருக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த எண்களே பதில்.

ஒரு கீழ்வரிசை மல்லரின் நாள் எப்படிப் போகிறது என்று சற்று நின்று பார்ப்போம். சூமோவில் மல்லர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கூடத்தைச் சேர்ந்தவர்கள். ஜப்பானியர் அதை 'ஹெயா' என்கிறார்கள். பயிற்சிக்களமும் குடியிருப்பும் ஒரே கட்டடம். கீழ்த்தளத்தில் மண் கோதா, மேலே படுக்கும் அறை. கீழ்வரிசைக்காரர்கள் எல்லாரும் ஒரே பெரிய அறையில் வரிசையாகப் பாய்விரித்துப் படுப்பார்கள். பொழுது விடியுமுன் முதலில் எழுபவர் வரிசையில் கடைசியானவர். வெறும் வயிற்றோடு கோதாவில் இறங்கவேண்டும். மேல்வரிசைக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால் நிதானமாக இறங்கி வருவார்கள். பயிற்சி முடிந்ததும் குளியல், பிறகு சாப்பாடு, இரண்டும் தர வரிசைப்படி. மூத்தவர்கள் சாங்கோ என்னும் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும்போது கீழ்வரிசைக்காரர்கள் பின்னால் நின்று சோறு போடுவார்கள், டீ ஊற்றுவார்கள். தங்கள் முறை வரும்போது சட்டியில் கறித்துண்டு மிஞ்சியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சாறும் காய்கறியும். பிறகு பாத்திரம், துணி, கழிப்பறை.

உடையிலும் இதே கணக்கு. ஜோனிதானிலும் அதற்குக் கீழும் இருப்பவர்கள் ஜனவரிக் குளிரிலும் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியோடும் மரக்கட்டைச் செருப்போடும்தான் தெருவில் நடக்கவேண்டும். சான்தான்மேவுக்கு ஏறினால் கட்டைச் செருப்பு போய் வேறு செருப்பு வரும். மகுஷிதாவுக்கு வந்தால்தான் மேல்கோட்டும் கழுத்துக்குக் கம்பளித் துண்டும். மங்கோலியக் குளிரில் வளர்ந்த பையனுக்குக்கூட இது உறைக்கும். ஊரில் குளிருக்கு ஏற்ற உடை இருந்தது, இங்கே குளிர் இருந்தும் உடைக்கு அனுமதியில்லை.

போட்டி நாளில் டோக்கியோவின் ரியோகொக்குவில் உள்ள கொக்குகிகான் அரங்கில், சுமார் 11,000 பேர் உட்காரும் இடத்தில், காலை எட்டரை மணி வாக்கில் ஜோனோகுச்சி ஆட்டங்கள் தொடங்கும். இருக்கைகள் காலியாகக் கிடக்கும். நடுவர் குரலும் கால் மண்ணில் உதைக்கும் ஓசையும் எதிரொலிக்கும். இந்த மல்லர்களுக்கு உப்பு வீசும் சடங்கு கிடையாது. கறுப்புப் பருத்திக் கச்சை கட்டி வந்து மோதிவிட்டு இறங்குவார்கள். சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். தொடரில் பதினைந்து நாட்கள் இருந்தாலும் இவர்களுக்கு ஆட்டம் ஏழுதான். ஒவ்வொரு தொடருக்கும் முன் பன்சுகே என்ற தர வரிசைத் தாள் வெளியாகும். நடுவர்களில் ஒருவர் தூரிகையால் எழுதுவது. உச்சி மல்லர்களின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், கீழே வரவர எழுத்து மெலியும், கடைசி வரிசையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அந்த மயிரிழை எழுத்துகளுக்கு நடுவில்தான் நாம் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் சொல்லும் விடை நம்பிக்கை. அது பொய்யல்ல. அந்த நம்பிக்கைக்கு உரமிட உண்மைக் கதைகளே போதும். ஹகுஹோ 15 வயதில் மங்கோலியாவிலிருந்து வந்தார். தந்தை நாட்டின் பெரிய மல்லர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். மகனோ ஒல்லிப்பிச்சான். எந்தக் கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பவேண்டிய கடைசி நேரத்தில் ஒரு சக நாட்டவரின் பரிந்துரையால் மியாகினோ கூடத்தில் இடம் கிடைத்தது. 2001 மே மாதத்தில் ஜோனோகுச்சியில் ஆடிய முதல் தொடரில் மூன்று வெற்றி, நான்கு தோல்வி. சூமோவில் அதுவரை எவரும் தொடாத 45 மேல்வரிசைப் பட்டங்களை வென்றவரின் தொடக்கம் இது.

ஜார்ஜியாவின் தொச்சினோஷின் 2013இல் முழங்காலில் பலத்த காயமடைந்து மகுஷிதாவின் 55ஆம் இடம்வரை சரிந்தார். திரும்பி வந்து கீழே இரண்டு, ஜூரியோவில் இரண்டு என்று தொடர்ச்சியாக நான்கு பட்டங்கள் வென்றார். 2018 ஜனவரியில் மேல்வரிசைப் பட்டம், அதே ஆண்டு உச்சப் பதவிக்கு அடுத்ததான ஒசெக்கி பதவி. மங்கோலியாவின் தெருனோஃபுஜி இன்னும் ஆழத்துக்குப் போனவர். ஒசெக்கியாக இருந்து, முழங்கால் கெட்டு, நோய்வாய்ப்பட்டு, 2019 மார்ச்சில் ஜோனிதானில் ஆடினார். சிறுவர்களோடு மோதினார். விலகிக்கொள்கிறேன் என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டும் ஆசான் விடவில்லை. 2020 ஜூலையில் மேல்வரிசைப் பட்டம். 2021இல் யோகொசுனா என்ற உச்சப் பதவி.

இப்படிப்பட்ட கதைகள் ஒரு கூடத்தின் பெரிய அறையில் படுத்திருக்கும் இளைஞனின் காதில் தினமும் விழுகின்றன. தர வரிசை அமைப்பும் நம்பிக்கையை அணையவிடுவதில்லை. ஏழில் நான்கு வென்றால் போதும், ஏறிவிடலாம். மூன்று வென்றவருக்கும் நான்கு வென்றவருக்கும் இடையில் ஒரே ஆட்டம்தான். ஒரு கால் வட்டத்துக்கு வெளியே முதலில் பட்டதா என்பதுதான் வேறுபாடு. மகுஷிதாவின் முதல் பதினைந்து இடங்களுக்குள் இருந்து ஏழும் வென்றால் ஜூரியோ ஏறத்தாழ உறுதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஆண்டுத் தேர்வில் தோற்றவர் மறுஆண்டுவரை காத்திருக்கவேண்டும், இவருக்கு அந்தக் காத்திருப்புகூட இல்லை. அடுத்த தொடர், அடுத்த தொடர் என்றே ஐந்தாண்டு ஓடிவிடும்.

ஆனால் நம்பிக்கை முதல் சில ஆண்டுகளுக்குத்தான் விடை. முப்பது வயதைத் தாண்டி, முழங்காலில் கட்டோடு, சான்தான்மேவுக்கும் மகுஷிதாவுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தான் யோகொசுனா ஆகப்போவதில்லை என்று நன்றாகவே தெரியும். உள்ளூர்க்காரர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஹனகாசே என்ற ஜப்பானிய மல்லர் 1986இல் சேர்ந்து 2022 ஜனவரியில் 51 வயதில் ஓய்வு பெற்றார். அவர் எட்டிய உச்சம் சான்தான்மே. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அவர் ஏமாந்துகொண்டிருந்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இரண்டாவது விடை, கதவுகள். சூமோவில் ஒருமுறை ஓய்வு அறிவித்துவிட்டால் மீண்டும் சேரமுடியாது. கூடம் மாறவும் முடியாது. கூடமே மூடப்பட்டாலொழிய, சேர்ந்த கூடத்திலேயே கடைசிவரை இருக்கவேண்டும். அயல்நாட்டவருக்கு இன்னொரு முடிச்சு, அவர் நாட்டில் தங்கும் அனுமதியே மல்லர் என்ற தொழிலை ஒட்டியது. உள்ளூர் மல்லர் விலகினால் தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் யோசிக்கலாம். இவர் விலகினால் தொழில், வீடு, சாப்பாடு, விசா நான்கும் ஒரே நாளில் கேள்விக்குள்ளாகும். பதினைந்து பதினெட்டு வயதில் வந்தவருக்கு வேறு படிப்போ தொழிலோ கைவசம் இருக்காது. போகமுடியாததால் இருக்கிறார்கள் என்பது பாதி உண்மை. முழு உண்மையாக இருந்தால் கதவு திறந்திருந்த காலத்திலும் சிலர் ஏன் போகவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டும். அங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமாகப் படும் ஒன்று இருக்கிறது.

வரலாற்றில் மூன்று வருகைகளை எடுத்துக்கொள்வோம். 1964இல் ஹவாயின் மவுய் தீவிலிருந்து 19 வயது ஜெஸ்ஸி குஹாவுலுவா தகாசாகோ கூடத்துக்குத் தனியாக வந்தார். மொழி தெரியாது. கால்களை இரு பக்கமும் விரித்து நெஞ்சைத் தரையில் படவைக்கும் பயிற்சியில் வலி தாங்காமல் கண்ணீர் விட்டார். ஊரார் ஒருவர்கூட அருகில் இல்லை. தகாமியாமா என்ற பெயரில் அவர் இருபதாண்டு ஆடினார். 1972 ஜூலையில் மேல்வரிசைப் பட்டம் வென்ற முதல் அயல்நாட்டவர் ஆனார். அமெரிக்க அதிபர் நிக்சனின் வாழ்த்துச் செய்தி கோதாவிலேயே வாசிக்கப்பட்டது. 1984இல், நாற்பதை நெருங்கும் வயதில், ஜூரியோவுக்கு இறங்கிய பிறகும் ஆடிவிட்டே விலகினார்.

இரண்டாவது, டோங்கா. 1970களில் அந்தத் தீவு நாட்டிலிருந்து ஆறு இளைஞர்கள் அசாஹியாமா கூடத்துக்கு வந்தார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆசான் இறந்ததும் கூடத்துக்கு யார் வாரிசு என்ற தகராறு கிளம்பியது. 1976இல் ஆறு பேரும் சூமோவை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் சிலர் பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் புகழ்பெற்றார்கள்.

மூன்றாவது, மங்கோலியா. 1992இல் ஒஷிமா கூடத்தின் ஆசான், முன்னாள் ஒசெக்கி அசாஹிகுனி, ஆறு மங்கோலிய இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தார். சோவியத் உதவி நின்றுபோய் அந்த நாடு வறுமையில் தவித்த காலம். வந்த சில மாதங்களுக்குள் ஆறில் ஐந்து பேர் கூடத்திலிருந்து ஓடிப்போய் டோக்கியோவில் இருந்த மங்கோலியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பசி, மொழி, அடி, வேலை, எல்லாம் சேர்ந்து தாங்கமுடியவில்லை. ஆசான் தேடிப்போய்ப் பேசித் திரும்ப அழைத்தார். கடைசியில் நிலைத்தவர்கள் மூவர்: கியோகுஷூசான், கியோகுதென்ஹோ, கியோகுதென்சான்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. கூட்டமாக வந்தவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே கிளம்பினார்கள். தனியாக வந்தவர் இருந்தார். ஆறு பேர் ஒன்றாக இருந்தால் இரவில் தாய்மொழியில் குறையைப் பேசலாம், திட்டம் போடலாம், ஒருவர் துணிச்சல் மற்றவருக்கு வரும். தனியாக இருப்பவருக்கு அழுவதற்குக்கூட ஜப்பானிய மொழி தேவைப்படுகிறது. ஆசானின் மனைவியிடம்தான் பல்வலியைச் சொல்லவேண்டும். மூத்த மல்லரிடம்தான் காலணி எங்கே வாங்குவது என்று கேட்கவேண்டும். ஓராண்டில் மொழி வந்துவிடுகிறது. சூமோவின் அயல்நாட்டு மல்லர்கள் பேசும் ஜப்பானிய மொழி மற்ற விளையாட்டுகளின் வெளிநாட்டு வீரர்கள் பேசுவதைவிடப் பல மடங்கு தேர்ந்தது என்று ஜப்பானியரே வியப்பது இதனால்தான்.

விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. கனடாவின் ஜான் டென்டா 1985இல் வந்தார். தர வரிசையில் இடம்பெற்ற பிறகு ஆடிய மூன்று தொடரிலும் தோல்வியே இல்லை, 21 ஆட்டம், 21 வெற்றி. 1986இல் திடீரென்று விலகிவிட்டார். தொழில்முறை மல்யுத்தம் அவருக்கு வேறு பாதை திறந்து வைத்திருந்தது. ஆகவே தோல்வி ஒருவரைத் துரத்துவதும் இல்லை, வெற்றி ஒருவரைக் கட்டிப்போடுவதும் இல்லை. வேறு போக்கிடம் இருந்ததா, உள்ளே உறவு முளைத்ததா என்பவையே முடிவு செய்கின்றன.

1992க்குப் பிறகு சூமோ சங்கம் அயல்நாட்டவர் வரவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. முதலில் மொத்தம் நாற்பது, கூடத்துக்கு இருவர் என்று வரம்பு இருந்தது. 2002இல் கூடத்துக்கு ஒருவர் என்று ஆயிற்று. 2010இல் இன்னும் இறுக்கி, ஜப்பானியக் குடியுரிமை பெற்றவரும் அயல்நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த ஓர் இடத்தையே நிரப்புகிறார் என்று விதித்தார்கள். அயல்நாட்டவர் பெருகிவிடக்கூடாது என்பதே நோக்கம். 2006 ஜனவரிக்குப் பிறகு 2016 ஜனவரிவரை ஜப்பானில் பிறந்த ஒருவரும் மேல்வரிசைப் பட்டம் வெல்லவில்லை என்பதை நினைத்தால் அந்த அச்சம் புரியும். விதியின் விளைவு வேறாக அமைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்களில் அயல்நாட்டவர் ஒவ்வொருவரும் தனியாள் ஆக்கப்பட்டார். தனியாள் ஆனதால் அந்த வீட்டுக்குள் முழுவதுமாகக் கரைந்தார். கரைந்ததால் தங்கினார். விலக்கிவைக்கப் போட்ட விதி வேரூன்ற வைத்துவிட்டது.

இதே விதி ஆசானுக்கு ஒரு சோதனையும் வைக்கிறது. அந்த ஓர் இடத்தை ஒரு மகுஷிதா மல்லர் பத்தாண்டாக நிரப்பிக்கொண்டிருந்தால், அடுத்த ஹகுஹோவைக் கொண்டுவர வழியில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இவரை அனுப்பிவிட்டுப் புதியவரைத் தேடுவதுதான் லாபம். கீழ்வரிசை மல்லர் ஒவ்வொருவரின் வளர்ப்புக்கும் சங்கம் கூடத்துக்குத் தொகை தருகிறது என்பது உண்மையே, ஒரு செக்கிதோரி கொண்டுவரும் புகழுக்கும் ஆதரவாளர்களின் கொடைக்கும் அது ஈடாகாது. அப்படியிருந்தும் அனுப்பாமல் வைத்திருக்கும் ஆசான்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன்.

ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், கூடத்துக்கு இந்த மூத்த கீழ்வரிசைக்காரர் வேண்டியிருக்கிறார். பல கூடங்களில் சமையற்கட்டின் தலைவர் ஒரு பழைய கீழ்வரிசை மல்லர்தான். இருபது முப்பது பேருக்குச் சாங்கோ ஆக்குவது, மீன் வாங்குவது, எந்த ஆதரவாளர் வந்தால் எந்தக் குழம்பு என்று தெரிந்து வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. செக்கிதோரிகளுக்குத் துணையாள்களாக இருப்பவர்களும் இவர்களே. தொடர் நாட்களில் கச்சை கட்டிவிடுவது, பை தூக்குவது, தோற்று வந்த மேல்வரிசை மல்லரிடம் எப்போது பேசலாம், எப்போது வாய் திறக்கக்கூடாது என்று அறிந்திருப்பது சிறிய கலையல்ல. தொடரின் ஒவ்வொரு மாலையும் ஆட்டங்கள் முடிந்தபின் வில் சுழற்றும் சடங்கைச் செய்பவரும் பெரும்பாலும் மகுஷிதாவிலோ அதற்குக் கீழோ இருப்பவர்தான். ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணங்களில் நகைச்சுவைச் சூமோ ஆடி மக்களைச் சிரிக்க வைப்பதும், சூமோப் பாட்டுப் பாடுவதும் அவர்களே.

கியோகுதென்சானை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடன் வந்த கியோகுஷூசான் மேல்வரிசையை எட்டிய முதல் மங்கோலியர் ஆனார், பிறகு தம் நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். கியோகுதென்ஹோ 2012 மே மாதத்தில், 37 வயதில், முதன்முறையாகப் பட்டம் வென்றார். அந்த வயதில் முதல் பட்டம் வென்றவர் அதற்குமுன் இல்லை. ஊர்வலக் காரில் அவருக்குப் பக்கத்தில் கொடி பிடித்து உட்கார்ந்தவர் யோகொசுனாவான ஹகுஹோ. கியோகுதென்சானோ ஏறத்தாழ 15 ஆண்டு ஆடியும் மகுஷிதாவைத் தாண்டவில்லை, ஒருநாள்கூடச் சம்பளம் வாங்கவில்லை. ஒரே விமானத்தில் வந்த நண்பர்கள் பட்டுக் கச்சை கட்டும்போது, அதே கூரையின்கீழ் கறுப்புப் பருத்திக் கச்சையோடு பதினைந்தாண்டு காலம் அவர் இருந்திருக்கிறார். இதற்குள்ள மன வலிமையை அளக்க எந்தத் தர வரிசைத் தாளும் இல்லை.

ஹங்கேரியின் மசுதோஓவும் அப்படித்தான். கிழக்கு ஐரோப்பா என்பதையே மல்லர் பெயரில் சுமந்துகொண்டு, சிகானோஉரா கூடத்தில் பத்தாண்டுக்கு மேல் மகுஷிதாவைச் சுற்றியே ஆடினார். ஜூரியோவுக்கு ஏறவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து ஒசெக்கி ஆன கொதோஓஷூவையும் பாருதோவையும் உலகம் அறியும். இவரை அறிந்தவர்கள் காலையிலேயே அரங்குக்கு வரும் ரசிகர்கள். அவர்கள் எண்ணிக்கையில் சிலர், ஆனால் உறுதியானவர்கள். இந்த மல்லர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துபவர்கள்.

மங்கோலியாவின் மரபு மல்யுத்தத்தில் நாடம் விழாவில் பெற்ற பட்டம் வாழ்நாள் முழுவதும் நிற்கும். ஒருமுறை சிங்கம் என்று பெயர் வாங்கினால் கிழவனாகும்வரை சிங்கம்தான். சூமோவில் நிலைத்த இடமே இல்லை. நிலைக்காத வரிசைக்குள் நிலைத்து நிற்பவை கூடத்தின் உறவுகள் மட்டுமே: முதலில் சேர்ந்தவர் அண்ணன், பின்னால் வந்தவர் தம்பி, ஆசான் தந்தை இடத்தில், அவர் மனைவி தாய் இடத்தில். தரத்தில் தம்பி மேலே போய்விடலாம், ஆனால் அண்ணன் முறை மாறாது. கோதாவில் ஏழுக்கு ஐந்து தோற்றுவிட்டுத் திரும்பும் மனிதருக்கு, வீட்டில் இளையவர்கள் மதிக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதனால்தான் அவர் இருக்கிறார்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். தாங்கிப்பிடிக்கும் அதே வீடு நசுக்கவும் செய்யும். 2007இல் ஒரு கூடத்தில் 17 வயதுப் பயிற்சி மல்லர் அடித்துக் கொல்லப்பட்டார், ஆசானே தண்டனை பெற்றார். 2017இல் யோகொசுனா ஹருமாஃபுஜி சக நாட்டு இளைய மல்லரை மதுக்கூடத்தில் தாக்கியதால் விலக நேர்ந்தது. 2024இல் இளையவர்களை ஒரு மேல்வரிசை மல்லர் துன்புறுத்தியதற்காக, ஹகுஹோ ஆசானாக இருந்த மியாகினோ கூடமே மூடப்பட்டது. போக்கிடம் இல்லாதவரே இப்படிப்பட்ட இடத்தில் அதிகம் ஆபத்தில் இருப்பவர். உறவு என்ற பெயரில் நடக்கும் கொடுமையை மரபு என்று மன்னிக்க எனக்கு மனமில்லை.

ஓய்வுக்குப் பின் என்ன என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. ஆசானாகச் சங்கத்தில் தொடர ஜப்பானியக் குடியுரிமையும், மேல்வரிசைகளில் இத்தனை தொடர் ஆடியிருக்கவேண்டும் என்ற தகுதியும் வேண்டும். கீழ்வரிசை அயல்நாட்டவருக்கு இரண்டும் எட்டாதவை. பெரிய மல்லர்களுக்குக் கொக்குகிகானில் கூட்டம் கூட்டி, ஓய்வின் அடையாளமாகக் குடுமி அறுப்பு விழா நடக்கும். இவருக்குத் தொடரின் கடைசி நாள் விருந்திலோ கூடத்திலோ, ஆசானும் தோழர்களும் ஆளுக்கொரு முறை கத்தரிக்கோல் வைக்க, குடுமி எடுக்கப்படும். மறுநாள் அவர் பதினைந்தாண்டு அனுபவமுள்ள, எந்தச் சான்றிதழும் இல்லாத, முழங்கால் தேய்ந்த ஓர் அயல்நாட்டவர்.

ஆகவே சூமோ சங்கம் செய்யவேண்டியவை சில உண்டு. ஒரு கூடத்தில் பத்தாண்டு இருந்த அயல்நாட்டு மல்லரை அந்த ஓர் ஆள் வரம்பில் கணக்கிடுவதை நிறுத்தவேண்டும். அப்போது அவர் இருப்பு யாருக்கும் இடைஞ்சலாகாது, புதியவருக்கும் வழி பிறக்கும். கடைசி ஆண்டுகளில் மொழித் தேர்வு எழுதவும் சமையல், உடற்பயிற்சி, முதியோர் பராமரிப்பு போன்ற தொழில்களில் சான்று பெறவும் நேரமும் பணமும் ஒதுக்கவேண்டும். இவர்களுக்கு மொழியும் உழைப்பும் ஏற்கெனவே இருக்கின்றன, தாள்தான் இல்லை. புகார் சொல்ல ஆசானைத் தாண்டிய ஓர் இடம், தாய்மொழியில் பேசக்கூடிய ஓர் இடம், ஒவ்வொரு அயல்நாட்டு மல்லருக்கும் சேர்ந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கவேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு வரலாற்றில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் யோகொசுனாக்களைப் பற்றி இன்னொரு நூல் எழுதவேண்டாம், அவை போதுமான அளவு இருக்கின்றன. உலான்பாதரிலும் புடாபெஸ்டிலும் சாவ் பாவ்லோவிலும் குடுமி எடுத்துவிட்டு வாழும் மகுஷிதா, சான்தான்மே மல்லர்களைத் தேடிப் போங்கள். ஏன் இருந்தீர்கள் என்று கேளுங்கள். நான் சொன்ன விடை சரியா தவறா என்பதை அவர்கள் வாயாலேயே எழுதி வையுங்கள். 1992இல் வந்த தலைமுறைக்கு இப்போதே ஐம்பது வயது ஆகிவிட்டது.